கொக்கின் காலுக்கு ஒரு கூடை

ஓர் ஆசிரியரை இடமாற்றம் செய்வது தண்டனையாக இருக்கக் கூடாது. தண்டிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி உண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், வந்த விளக்கத்தைப் படித்தும் பார்க்க வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில், அதுவும் இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருக்கும்போது, தவிர்க்க முடியாத காரணமில்லாமல் ஒருவரை மாற்றக் கூடாது என்பது அதற்கு மேல் ஒரு வழக்கம். விதி எண் எனக்குத் தெரியும். எழுதினாலும் நம்மில் யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம், நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் சுற்றிய படம். ஒரு தலைவருக்குக் கழுதைக் காது வைத்திருந்தது. இன்னொருவருக்கு நரி வால். பாதிப் பேர் சிரிப்பு முகம் போட்டீர்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார்கள். அதில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்துவிட்டார். கழுதைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கோப்புகளில் 'சம்பந்தப்பட்டவர் விளக்கம் பெறப்பட்டதா?' என்று எழுதிய கைகள்தாம் எல்லாம்.

எனக்கு அதைப் பார்த்ததும் மரக்காணத்துக் கொக்கு ஞாபகம் வந்தது.

அப்பா உப்பளத்துப் பக்கம் இருந்த சிறிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். கிளியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லைத் தெரியும், உப்பைத் தெரியாது. அம்மா, அக்கா, நான். நான் ஐந்தாம் வகுப்பு, அப்பாவின் பள்ளியிலேயே. அக்கா மரக்காணம் உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பு, பங்குனியில் அரசுத் தேர்வு. கணக்கில் கெட்டிக்காரி. காலேஜில் கணக்கு படிக்க வேண்டும் என்று சமையலறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தாள். அம்மா அதை அழிக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதுகூட அந்த இடத்தை மட்டும் விட்டு அடித்தாள்.

மழைக்காலத்தில் உப்புப் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். வானத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு சாம்பல் நிறம். அந்த மாதங்களில் மனிதர்களுக்கு வேலை கிடையாது, பறவைகளுக்கு உண்டு. பொங்கல் முடிந்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மதகைத் திறந்து கால்வாயிலிருந்து உவர்நீர் ஏற்றும்போது பறவைகள் கொஞ்சம் தள்ளிப் போகும். மனிதர்கள் திரும்பி வருவார்கள். பாதம் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, ராத்திரி மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளிடம் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். மண்ணெண்ணெய் தடவிய கையாலேயே அம்மா தலைவாரிவிட்ட வாசனை அது.

அந்த வருஷம் தை மாதக் கடைசியில் பள்ளி ஆண்டு விழா. உப்பள முதலாளிதான் தலைமை தாங்குவார், அது எழுதாத விதி. அப்பா ஒரு நாடகம் எழுதினார். சிங்கம், புலி எதுவும் கிடையாது. "நம்ம ஊர்ல இல்லாதத எதுக்குக் கூப்பிடணும்?" என்றார். கொக்கு, நண்டு, நீர்க்காகம், நரி, கழுதை. இவ்வளவுதான்.

கதை இது. மதகுக் கரையில் ஒரு கொக்கு நிற்கிறது. தான் ஒரு காலைத் தூக்கி வைத்திருப்பதால்தான் கால்வாயில் தண்ணீர் ஏறுகிறது, காலைக் கீழே வைத்தால் வற்றிவிடும் என்று அது நம்புகிறது. மற்ற பிராணிகளையும் நம்ப வைத்துவிடுகிறது. எல்லோரும் ஆளுக்கொரு மீன் கொண்டுவந்து கொடுத்து, "காலைக் கீழே வைத்துவிடாதீர்கள் ஐயா" என்று கும்பிடுகிறார்கள். கடைசியில் ஒருநாள் கொக்கு அசந்து தூங்கிக் காலை வைத்துவிடுகிறது. தண்ணீர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

மனிதனைப் பற்றிப் பேச மிருகத்தைக் கூப்பிடுவது ரொம்பப் பழைய ஏற்பாடு. வசதியும்கூட. மிருகம் மறுப்பு அறிக்கை விடாது. வக்கீல் வைக்காது. கொக்கு எதற்கு ஒரு காலில் நிற்கிறது என்று கொக்கை யாரும் கேட்டதில்லை. அதற்குக் கால் குளிர்ந்திருக்கலாம்.

வேஷம் பிரிக்கும்போதுதான் ஊர் தெரிந்தது. நாட்டு வைத்தியர் தன் பையன் நரியாக வேண்டும் என்று வந்து கேட்டார். நரிக்கு அறிவு உண்டாம். கடைக்காரர் தன் பிள்ளைக்கு எது கொடுத்தாலும் சரி, ஆனால் கடைசி வரை மேடையில் நிற்க வேண்டும் என்றார். எனக்கு நண்டு. ஆசிரியரின் பிள்ளை என்பதால் ஒரே ஒரு வசனம். கழுதைக்குத்தான் ஆள் அகப்படவில்லை. உப்பு மூட்டை சுமக்கும் வேஷம். அப்பா யோசிக்காமல் வகுப்பிலேயே நெட்டையாக, பலசாலியாக இருந்த பையனின் பெயரை எழுதிவிட்டார். பையனின் அம்மா பாத்தியில் உப்பு சுமக்கிறவர். மறுநாள் காலை பள்ளி வாசலில் வந்து நின்றார். தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது.

"ஏங்க வாத்தியாரே, எம் புள்ள கழுதையாங்க?"

"நாடகம்மா. வேஷந்தான்."

"நரி வேஷத்துக்கு வைத்தியர் வூட்டுப் புள்ள. கழுத வேஷத்துக்கு எம் புள்ள. நாங்க பகலெல்லாம் செமக்கறது பத்தாதுன்னு மேடையிலயும் செமக்கணுமா?"

அப்பாவுக்கு முகம் செத்துப் போனது. மனிதனை மறைத்துச் சொல்லத்தான் மிருகம் என்று அவர் வகுப்பில் விளக்கியிருந்தார். மறைவதற்குப் பதிலாக, யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்பது பட்டியலாக வெளியே வந்துவிட்டது. அன்றே கழுதையை எடுத்துவிட்டார். நெட்டைப் பையனுக்குக் கொக்கு வேஷத்தைக் கொடுத்தார். அந்த அம்மாவுக்குத் திருப்தி.

"கொக்குன்னா சரிங்க. வெள்ளையா இருக்கும்."

ஒத்திகை எங்கள் வீட்டு முன்னால் நடந்தது. அலகுக்குப் பனம்பாளையைச் சீவி மஞ்சள் பூசியிருந்தார் அப்பா. உடம்புக்கு அவருடைய பழைய வேட்டி. அந்த அலகு பிற்பாடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டை கட்டும்போது தேடினேன், கிடைக்கவில்லை. நாடகம் முழுக்க ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பையன் இரண்டு காட்சி தாங்கினான். மூன்றாவது காட்சியில் கால் நடுங்கியது. விழுந்து எழுந்தான், மறுபடி விழுந்தான். அப்பா வசனத்திலேயே குறியாக இருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"புள்ளைக்குக் கால் வலிக்குதுங்க. அந்த உப்புக் கூடையக் கவுத்துப் போட்டு, தூக்கன கால அது மேல வெக்கச் சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அப்பா கூடையைக் கவிழ்த்துப் போட்டார். பையன் ஒரு காலை அதன் மேல் வைத்து, முழங்காலில் கையை ஊன்றி நின்றான். ரொம்ப நேரம் ஆடாமல் நின்றான். "பிரமாதம்" என்றார் அப்பா.

உப்பளத்தில் ஒரே ஒருநாள் நின்று பார்த்தவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அப்பா நின்று பார்த்ததில்லை. முதலாளி வேலையை மேற்பார்க்கும்போது வரப்பில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போடச் சொல்வார். அதன் மேல் ஒரு காலை வைத்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, காலையிலிருந்து வெயில் ஏறும்வரை அப்படியே நிற்பார். அந்தக் கோலத்தைப் பாத்தியில் குனிந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் முதுகே சொல்லும்.

விழா சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. விடியலுக்கு முன்னால் எழுந்து போகிறவர்கள் ராத்திரி நாடகம் பார்க்க முடியாது. படுதா விலகியது. கொக்கு கூடை மேல் காலை வைத்து நின்றது. இன்னும் வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. அடக்கி, அடக்க முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. பிறகு அது பரவியது. நான் நண்டு வேஷத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்படி ஒரு சிரிப்பை அந்த ஊரில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நண்டு மீனைக் கொடுத்து, "ஐயா, காலைக் கீழே வைத்துவிடாதீர்கள்" என்றதும் கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது. அது என் வசனம். எனக்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னேன்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் எழுத்துக்கு இவ்வளவு வரவேற்பா என்று.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் முன்வரிசையில் இருந்த முதலாளிதான். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "அசல் நம்ம உப்பு இன்ஸ்பெக்டருதான்யா அது! மீன வாங்கி வாங்கிப் போட்டுக்கறான் பாரு!" விழா முடிந்து நெட்டைப் பையனைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார்.

தன்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு உதவி தேவைப்பட்டது. நமக்கும் அப்படித்தான். கழுதைக் காது வைத்த படத்தில் ஒருவர்கூடத் தன் காதைத் தடவிப் பார்ப்பதில்லை. உதவியைச் செய்தவர் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை. விசுவாசமானவர், அதனால் ஆபத்தானவர். நடந்ததை நெட்டைப் பையனின் அம்மா கூடையோடு பக்கத்திலேயே நின்று கேட்டு, பிறகு எங்கள் அம்மாவிடம் வந்து அப்படியே நடித்துக் காட்டினார்.

"மொதலாளி, அந்தக் கொக்கு..."

"எந்தக் கொக்கு?"

"நாடகத்துல வந்துச்சே."

"நல்லா செஞ்சான் பையன்."

"அது நீங்கதான்னு பேசிக்கறாங்க."

"யாரு பேசிக்கறா?"

"எல்லாருந்தாங்க."

"நீ இன்னாய்யா சொல்ற?"

கணக்குப்பிள்ளை முதலாளியின் காலைப் பார்த்தார். முதலாளியும் குனிந்து பார்த்தார். கால் கூடை மேல் இருந்தது. மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் வரப்பில் அப்படி நின்று யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரம் நெட்டைப் பையனின் அம்மாவுக்குப் பாத்தியில் வேலை இல்லை. அதற்கு உத்தரவு எதுவும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் முறைப்படி உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி, மாவட்டத்தின் மேற்குக் கோடியில் மலையடிவாரத்து ஊருக்கு உடனடியாக மாற்றம். நாடகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இருக்கவும் முடியாது. 'முதலாளியைக் கொக்கு என்று இழிவுபடுத்தினார்' என்று எழுதினால், முதலாளி கொக்கைப் போல இருக்கிறார் என்பதை அரசாங்கமே பதிவு செய்ததாகிவிடும்.

அப்பா அன்றே மேல்முறையீட்டு மனு எழுதினார். அழகான கையெழுத்து. விளக்கம் கேட்கப்படவில்லை என்பது முதல் பத்தி. மகளின் தேர்வு இரண்டாவது பத்தி. யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்பது மூன்றாவது. உள்ளூர அதில் அவருக்கு வருத்தம்கூட இருந்திருக்கலாம். முதலாளியை நினைத்தே எழுதியிருந்தால் தண்டனைக்காவது ஓர் அர்த்தம் இருந்திருக்கும். கடைசியில் ஒரு கேள்வி: 'என் நாடகத்தில் வரும் கொக்கு யார் என்று அலுவலகம் கருதுகிறது என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன்.'

அந்தக் கேள்வியை எழுதியதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மடக்கிவிட்டோம் என்ற வெளிச்சம். பிற்காலத்தில் அப்படிப்பட்ட மனுக்கள் வந்து சேரும் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். நானும் அதைக் கோப்புக் கட்டின் அடியில்தான் போட்டிருப்பேன். பதில் சொல்ல முடியாத கேள்விக்கு அலுவலகம் வைத்திருக்கும் இடம் அதுதான்.

கிளம்பும் அன்று நெட்டைப் பையனின் அம்மா வந்து பாத்திரம் கட்ட உதவி செய்தார். அம்மா அவரிடம், "கூடையப் போடச் சொன்னது நாந்தாம்மா" என்றாள்.

"தெரியும். பையன் சொன்னான்." சாக்கின் வாயைச் சணல் போட்டு இறுக்கினார். "எம் புள்ளைக்குக் கால் வலிக்குதேன்னு பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். இருக்கட்டும்மா."

மலையடிவாரத்து ஊரில் உப்பு வாசனை இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா, மேல்முறையீட்டு உரிமைக்குப் பங்கமில்லாமல் சேர்வதாக எழுதிக் கொடுத்து வேலையில் சேர்ந்தார். என்னைத் தன் பள்ளியிலேயே பெயர் பதியாமல் உட்கார வைத்துக்கொண்டார். அக்காவை மரக்காணத்தில் தனியாக விட்டுவர வழியில்லாமல் கூடவே அழைத்து வந்திருந்தோம். பக்கத்து ஊரில் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அதன் தலைமையாசிரியர் நல்லவர். வீடு தேடி வந்தார்.

"சர்டிபிகேட்ட மட்டும் வாங்கியாங்க சார். பாப்பா இங்கயே பரீட்ச எழுதட்டும். நான் பேசி ஏற்பாடு பண்ணித் தர்றேன்."

அப்பா தலையாட்டவில்லை. "இங்க சேத்தா மாறுதல ஒத்துக்கிட்டேன்னு ஆயிடுங்க. மேல்முறையீடு நிலுவைல இருக்குது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

"இருக்குதுங்க. நாளைக்கு அதையே காட்டுவாங்க. பதில் வரட்டும்."

அவர் போன பிறகு அம்மா கேட்டாள். "அவ பரீட்சைக்கும் ஒங்க கொக்குக்கும் என்னாங்க சம்மந்தம்?"

"ஒனக்குத் தெரியாது. இதுல ஒரு அடி எறங்கனா எல்லாம் போச்சு."

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கணக்குப் புத்தகம். விரலை இடையில் வைத்து மூடியிருந்தாள், எந்த நிமிஷமும் திறக்க வேண்டி வரும் என்பதைப் போல. பங்குனி போயிற்று. "செப்டம்பர் பரீட்ச இருக்குதும்மா" என்றார் அப்பா. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். ஆனியில் மாமா வந்தார், கீழ்புத்துப்பட்டில் ஒரு வரன் இருக்கிறது என்று.

"படிக்கற பொண்ணுன்னா இருங்கப்பான்னு சொல்லலாம். சும்மா குந்தினு இருக்கற பொண்ணுக்கு என்னா மச்சான் காரணம் சொல்றது?"

அப்பாவிடம் காரணம் இருந்தது, நிலுவையில் இருந்தது. ஆவணியில் கல்யாணம். செப்டம்பர் பரீட்சை நடந்த வாரம் அக்கா புகுந்த வீட்டில் இருந்தாள்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதால் மேல்முறையீடு செல்லாமல் போகும் என்று எந்த விதியிலும் கிடையாது. சர்வீஸ் முழுக்கத் தேடினேன். பழைய ஆணைகள், திருத்தங்கள், விளக்கக் கடிதங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை. அப்பாவாகவே நம்பிக்கொண்ட ஒரு விதி அது. அவர் வாழ்நாளில் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை.

முந்தாநாள் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இப்போதும் பால் கணக்கு முதல் பஸ் நேரம் வரை மனதிலேயே போட்டுவிடுவாள். உங்கள் கழுதைக் காதுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதப் பாத்து யாருடா சிரிக்கறாங்க?"

"எங்க ஆபீஸ் ஆளுங்கதான். எல்லாம் பெரிய பெரிய போஸ்ட்ல இருந்தவங்க."

"கழுத பாவம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை. பேச வேண்டியதை அவள் அப்போதே பேசிவிட்டாள்.

அது அவளுடைய தலைப்பொங்கல். புருஷனோடு மலையடிவாரத்து வீட்டுக்கு வந்திருந்தாள். பொங்கலுக்கு மறுநாள், வீட்டுச் சொந்தக்காரரின் பசுக்களுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார் அப்பா. மாநில அரசு அலுவலகங்கள் எல்லாம் மூடியிருந்தன. தபால் ஆபீஸ் மத்திய அரசு, அதனால் தபால்காரர் வந்தார். பழுப்பு உறை. அப்பாவின் இரண்டு கையிலும் சிவப்பு வர்ணம். அக்காவைக் கூப்பிட்டார்.

"பிரிச்சிப் படிம்மா. சத்தமா படி."

அக்கா பிரித்தாள். முழுவதையும் ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு, பள்ளியில் வாசிப்பதைப் போல நிமிர்ந்து நின்று படித்தாள். "தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. நாடகத்தில் வரும் கொக்கு எந்தத் தனி நபரையும் குறிப்பதாக இவ்வலுவலகம் கருதவில்லை. எனவே மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை என்று தெரிவிக்கப்படுகிறது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்பா."

அப்பா பசுவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கொம்புக்குத்தான் வர்ணம் ஆகியிருந்தது. பசு அடுத்த கொம்புக்காகத் தலையைத் திருப்பிக் கொடுத்தது. அக்கா கடிதத்தை மடித்தாள்.

"கொக்கு யாருமே இல்லியாம்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நெட்டைப் பையனைப் பார்த்துக் கால் வலிக்குது என்று அம்மா சொன்னாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். "எவ்ளோ நாளு நின்னுட்டீங்க. இனிமேலாவது கால கீழ வைங்க."

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்தக் கடிதம் வந்தாலும் அதன் மூலையில் பெற்ற நாளைக் குறிப்பது அப்பாவின் வழக்கம். கையைத் துடைக்காமலே அக்காவிடமிருந்து அதை வாங்கி, திண்டாடித் திண்டாடி, சிவப்பு விரல் பதிய எழுதினார்: தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல்.